எட்டுக்கு ஆறு

தஞ்சாவூர்ப் பக்கம் அடுப்படியைச் செப்பனிட நாள் குறிப்பது ஜோசியர் அல்ல, மேட்டூர் அணை. ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. குறுவை விற்றால் கடப்பாக்கல் மேடை. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். மேடையும் சம்பாவுக்குத் தள்ளிப்போனது.

விளைந்தால் மட்டும் போதுமா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழைக்கு நடுவே தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்த நெல்தான் எங்கள் ஸ்டீல் சிங்க்கின் கதியைத் தீர்மானிக்கிறது. தளர்வு கேட்டால் டெல்லியிலிருந்து குழு வரும், கையில் அள்ளிப் பார்க்கும், போகும்.

பணம் வந்ததும் கொத்தனார் வந்தார். எட்டுக்கு ஆறு அடி அடுப்படியைச் சுற்றிப் பார்க்க அவருக்கு அரை மணி நேரம். சுண்ணாம்புச் சுவரில் சுண்டுவிரலால் ஒரு தட்டு, பொலபொலவென்று உதிர்ந்தது.

"சிங்க்கு மட்டும்னா வைக்கலாம்க்கா. ஆனா செவுத்துல கை வச்சா தரையையும் பேத்தாவணும்."

சென்னை மாப்பிள்ளை மாடுலர் கிச்சன் படம் அனுப்புகிறார், சிம்னியோடு. அதில் ஒரு டிராயரை இழுத்தால் எங்கள் கொல்லைக் கதவு திறக்காது.

மூலையில் ஆட்டுக்கல். அதில் மாவரைத்துப் பல வருஷம், நகர்த்தத்தான் ஆளில்லை. மேடை அதைச் சுற்றி வளைந்துபோகும் என்று ஒருமனதாக முடிவாகியிருக்கிறது. கொத்தனார் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். சம்பா நடவு முடிந்ததும் வருகிறாராம்.