ஃபார்மை நிரப்பு, நீதான் அடிமை

இரவு பதினொன்றரை மணி. டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் ஒரு லிங்க் விழுகிறது. ‘அனைவரும் இன்றிரவே கட்டாயம் நிரப்பவும். நிரப்பாதவர்கள் பட்டியல் ஹெச்ஓடிக்குப் போகும்.’ தட்டினால் கூகுள் ஃபார்ம். உள்ளே ஒரு கேள்வி: இரவு வெகுநேரம் இணையத்தில் இருப்பதால் உங்கள் தூக்கம் எவ்வளவு அடிக்கடி கெடுகிறது?

கெடுத்த கையோடு கேட்கிறார்கள். மாணவர்களின் இணைய அடிமைத்தனத்தை நம் கல்லூரிகள் ஆராய்கிற லட்சணம் இது. ஓர் ஆசிரியருக்குப் பதவி உயர்வுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை குறைகிறது. கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வருவதற்குள் துறைக்கு இன்னும் நாலு கட்டுரை வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், காலணா செலவில்லை. இன்டர்னல் மார்க்குக்குப் பயந்த பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய இருந்தால் போதும். ‘விவரங்கள் ரகசியம் காக்கப்படும்’ என்று மேலே ஒரு வரி. அதற்குக் கீழேயே மின்னஞ்சல் முகவரியும் பதிவு எண்ணும்.

அந்த ஃபார்மில் இருக்கும் அளவுகோலின் பூர்வீகம் இன்னும் அழகு. 1995இல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பெர்க், தன் தொழிலின் நோய்ப்பட்டியலை நக்கலடிக்க ‘இணைய அடிமை நோய்’ என்று ஒன்றை இட்டுக்கட்டினார். விரல்கள் தாமாகவே தட்டச்சு செய்வதுபோல் அசைவதும் ஓர் அறிகுறி என்று எழுதிவைத்தார். படித்தவர்கள் சிரிக்கவில்லை, ‘டாக்டர், எனக்கும் இருக்கிறது’ என்று வரிசையில் வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டே உளவியலாளர் கிம்பர்லி யங், அப்படியொரு நோய் நிஜமாகவே உண்டென்று சூதாட்ட வெறிக்கான இலக்கணத்தைத் திருத்தி எட்டுக் கேள்விகள் ஆக்கினார். 1998இல் அது 20 கேள்விகளானது. மோடம் கீச்சிட்ட காலத்துச் சரக்கு. அதைத்தான் நம்மவர்கள் இன்றும் தூசு தட்டாமல் எடுத்து நீட்டுகிறார்கள்.

வேறு வேலையைத் தொடங்கும் முன் மின்னஞ்சல் பார்ப்பீர்களா என்று அதில் ஒரு கேள்வி. பார்க்காத இறுதியாண்டு மாணவனுக்கு பிளேஸ்மென்ட் போச்சு, பார்ப்பவன் அடிமை. இன்னொன்று இதைவிட ரசமானது: துணையுடனான நெருக்கத்தைவிட இணையத்தின் கிளர்ச்சி உங்களுக்குப் பிடிக்கிறதா? ஆணுக்கு ஒரு மாடிப்படி, பெண்ணுக்கு ஒரு மாடிப்படி, இருவரும் நின்று பேசினால் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொள்ளும் கல்லூரியில் கேட்கிறார்கள் இதை!

மதிப்பெண் போடுவதிலும் கூத்துதான். 40 வாங்கியவன் ஓர் ஆய்வில் சராசரி ஆள். வேறு வெட்டுப்புள்ளி வைத்துக்கொண்ட இன்னோர் ஆய்வில் லேசான அடிமை. எந்தக் கோட்டை எங்கே போட்டால் எண்ணிக்கை கூடுமோ, அங்கே போட்டுக்கொள்ளலாம். ‘பாதிப் பேர் அடிமை’ என்றால் பேப்பரில் செய்தி வரும். ‘ஒன்றும் பெரிதாக இல்லை’ என்றால் யார் போடுவார்? அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் இணைய விளையாட்டை மட்டும், அதுவும் ‘மேலும் ஆராய வேண்டியது’ என்ற பகுதியில் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியலிலும் நோயென்று இருப்பது விளையாட்டு வெறிதான். ‘இணைய அடிமை’ என்ற பொது நோய் இரண்டிலும் இல்லை. நம் கருத்தரங்க மலர்களில் மட்டும் அது கொள்ளைநோய்.

இரவெல்லாம் ஃபோனோடு கிடந்து அரியர் மேல் அரியர் சேர்த்து அழியும் பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014இலேயே இதற்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. அங்கே எதிரே உட்காரவைத்துப் பேசுகிறார்கள். இங்கே சதவீதம் கிடைத்ததும் மாணவனை மறந்துவிடுகிறார்கள்.

இணையத்தை அவன் கையில் திணித்தது யார்? 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தது. கொரோனா தொற்றுக் காலம், தேவைதான், குறை சொல்லவில்லை. தொற்று போன பிறகு? கட்டணம் இணையத்தில், ஹால் டிக்கெட் இணையத்தில், ரிசல்ட் இணையத்தில், நோட்ஸ் குரூப்பில், வருகைப்பதிவு ஆப்பில். பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளம் வழியாக இணையத்திலேயே படித்துக்கொள்ளலாம் என்கிறது யுஜிசி. ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவதைவிட அது மலிவு. பாரை நடத்துகிறவனே வாசலில் நின்று, வெளியே வருகிறவன் வாயை ஊதச் சொல்லும் நியாயம் இது.

சரக்கைக் காய்ச்சியவனிடம் யாரும் எந்த ஃபார்மையும் நீட்டுவதில்லை. முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வருந்தினார். மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொண்டோம் என்று ஃபேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கர் 2017இல் வெளிப்படையாகவே சொன்னார். குற்றவாளி வாக்குமூலம் கொடுத்துவிட்டான். நாம் இன்னும் பாதிக்கப்பட்டவனின் சுயகட்டுப்பாட்டை அளந்துகொண்டிருக்கிறோம்.

அளந்து என்ன செய்வார்கள் என்பதும் தெரிந்ததுதான். முதல் அடி பெண்கள் விடுதியில் விழும். கோழிக்கோடு பக்கத்தில் ஒரு கல்லூரி, மாலை ஆறிலிருந்து பத்து வரை ஃபோனை ஒப்படைக்கச் சொன்னது. மறுத்த மாணவியை விடுதியைவிட்டு வெளியேற்றியது. இணையம் கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த 20 கேள்விகளோடு இன்னும் நாலைச் சேர்க்கலாம். உங்கள் நூலகத்தை மாலை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? விளையாட்டு மைதானத்தில் இப்போது யாருடைய கார்கள் நிற்கின்றன? மனநல ஆலோசகர் பணியிடம் எப்போதிலிருந்து காலி? விடுதியில் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டால், ஃபோனைத் தவிர உங்களுக்கு வேறு என்ன மிச்சம்? ஆனால் இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாணவர் இல்லை, பிரின்சிபால். அவரை இப்போது தொந்தரவு செய்யக்கூடாதாம். ‘டிஜிட்டல் டீடாக்ஸ்’ வெபினாரில் இருக்கிறார்; மூன்று மணி நேரம், கேமரா ஆனில் இருக்க வேண்டும்.