மைதானத்து மிளகாய் பஜ்ஜி: ஒரு தத்துவ விசாரணை

அமெரிக்க தேசத்தார் பேஸ்பால் ஆட்டம் காணச் செல்லும்போது, ரொட்டியின் பிளவில் இறைச்சிக் குழலைச் செருகிக் கடுகு விழுதைப் பூசி, ‘ஹாட் டாக்’ என்னும் நாமத்தால் உண்டு களிக்கின்றனர். 1739 தொடங்கி, ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலிலோ, ரொட்டி பரிச்சயமான பண்டமேயாயினும், ஆட்டக்களத்தின் ஓரத்தில் ஆதிக்கம் செலுத்துவது கடலைமாவுக்குள் மறைந்திருக்கும் பஜ்ஜி மிளகாயே. அரசலாறு கடலோடு கலக்கும் கரையில் கபடி நடக்கும்போதெல்லாம், திடலை ஒட்டித் தள்ளுவண்டிக்காரர் அடுப்பு மூட்டுவதன் காரணம் யாது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட விசாரணை.

முதற்கண் பூர்வபட்சத்தைக் கேட்போம். பசிக்காகவே உண்கின்றனர் என்பர் ஒரு சாரார். பசியே காரணமாயின் பக்கத்து வண்டிச் சுண்டல் போதும்; மூக்கொழுகாமலே வயிறு நிறையும். ருசிக்காக என்பர் மற்றொரு சாரார். காரம் ருசியே அன்று என்பது அவர்க்கு விடை. மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் பொருள், சுமார் 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் திறக்க வேண்டிய நரம்பு வாயிலைத் தானே திறந்துவிடுவதால், ஒன்றும் சுடாதபோதும் நாக்கு வேகிறதென்று மூளை நம்பிவிடுகிறது. அவ்வாயிலை 1997-இல் அடையாளங்கண்டு வெளியிட்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதே இறங்கிய பஜ்ஜி, மெய்ச்சூட்டையும் பொய்ச்சூட்டையும் ஒரே கடியில் வழங்குகிறது. பறவைகளின் நரம்பு வாயில் காப்சைசினுக்கு மசிவதில்லை. ஆதலின் சிந்திய துண்டைக் கவ்விச் செல்லும் காக்கை, ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் போலவே மிளகாயின் காரத்தையும் பொருட்படுத்துவதில்லை.

1912-இல் வில்பர் ஸ்கோவில் என்னும் அமெரிக்கர், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் மேன்மேலும் கரைத்து, சுவைப்போர்க்கு உறைப்பு மறையும் எல்லையைக் கொண்டு காரத்தை எண்ணால் அளந்தார். மகத்தான முறையே, எனினும் சுவைப்போர் எந்த ஊர்க் கட்சி என்று அவர் வினவாதது பெருங்குறை. ஒரே சட்டியில் பொரிந்த பஜ்ஜி வென்ற கட்சிக்கு மிதமாகவும் தோற்ற கட்சிக்கு அதிதீவிரமாகவும் உறைப்பதைத் திடலோரத்தில் நிற்கும் எவரும் பிரத்தியட்சமாகக் காணலாம்.

இதிலிருந்து சித்தாந்தம் பிறக்கிறது. தன் ஊரின் கடைசி நம்பிக்கையாகப் பாடிச் சென்ற இளைஞன், நடுக்கோட்டைத் தொட ஒரு சாண் இருக்கையில் எழுவராலும் அமுக்கப்படும்போது, மீசை நரைத்த பெரியவர், சம்பந்திகளும் மைத்துனர்களும் சூழ்ந்து நிற்கும் சபையில், கண்ணீர் விடுதல் கௌரவக் குறைவு. அத்தருணத்தில் அவர் கையில் ஒரு பஜ்ஜி இருக்குமாயின் நிலைமை முற்றிலும் வேறு. “என்ன மாமா, கண்ணு கலங்குது?” என்று மருமகப்பிள்ளை கேட்டால், “பஜ்ஜி உறைக்குது மாப்ள” என்று கூறித் தாராளமாக அழலாம். துக்கத்தின் கண்ணீரையும் காரத்தின் கண்ணீரையும் பார்வையால் பிரித்தறிய வல்லவர் எவருமிலர். ஆகவே பஜ்ஜி வண்டி விற்பது தின்பண்டம் அன்று. அழுவதற்கு ஒரு நியாயம்.

பரிகாரம் குறித்துச் சில சொற்கள். காப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. பாலிலும் மோரிலும் உள்ள கேசீன் என்னும் புரதமே அதைப் பற்றி அகற்றும். இதை உணர்ந்த மோர் வியாபாரிகள் தங்கள் வண்டியை வென்ற கட்சியார் நிற்கும் பக்கத்தில் நிறுத்துவதே உசிதம். தோற்றவர் பக்கத்தில் நிறுத்தினால் காரம் தணிந்துவிடும், அழுகையோ நிற்காது, மருமகப்பிள்ளைக்குச் சொல்லப் பதிலும் இராது.