சாம்பலோரத்துச் சுருதி: ஒரு பாடபேத ஆராய்ச்சி

செல்லரித்த ஏட்டுச்சுவடிகளை வைத்துக்கொண்டு மூலபாடம் இன்னதென்று வாதாடும் பண்டிதர்கள், காந்தநாடாவைப் பற்றி இதுகாறும் ஒரு வார்த்தையேனும் பிரஸ்தாபியாமல் இருப்பது பெருங்குறையாதலால், 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய நாள்முதல் தமிழர் கொழுந்து பறித்துவரும் மலேசியாவின் கேமரன் மலையில், ஆலிகேட்ஸ் குழுவின் பாட்டைக் கேட்டே வளர்ந்த அடியேன், அக்குறையை நீக்கத் துணிந்தேன்.

பினாங்கில் தோன்றி, ஹாங்காங்கிலும் பாடித் திரும்பி, 1979-இல் 'தெரிமா காசி' என்னும் மலாய் இசைத்தொகுப்பை வெளியிட்ட அக்குழுவின் முன்னே நின்றவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள். அவர்களுடைய குடைபோன்ற சுருட்டை முடியைத் தாமும் வளர்க்க முயன்ற தோட்டத்து வாலிபர்களை மண்டோர் என்னும் மேஸ்திரி, பெரட்டு என்னும் காலை ஆளெடுப்பில் பார்த்த பார்வை தனி ஆய்வுக்குரியது. ஈண்டு உரைப்பின் விரியும்.

பாடபேதம் பிறந்த காரணம் பேட்டரி. நான்கு பெரிய பேட்டரி போட்ட எங்கள் கேசட் பெட்டி சனிக்கிழமை ஒழுங்காகப் பாடும். வாரம் கழியக் கழிய மின்சக்தி குன்றி, மோட்டார் தளர்ந்து, நாடா மெல்லச் சுழல, சுருதியும் காலப்பிரமாணமும் ஒருங்கே இறங்கி, லோகநாதனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்துவிடும். தீர்ந்த பேட்டரியை வெயிலில் காயவைப்பது கீழ்நாட்டுத் தோட்டங்களின் சம்பிரதாயம். பனிமூட்டம் கவிந்த எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? அம்மா அவற்றை அடுப்படியில் சாம்பலோரம் வரிசையாக நிறுத்திவைப்பாள். பக்கத்தில் பூனை படுத்திருக்கும். ஆலிகேட்ஸ், அதாவது சந்துப்பூனைகள், என்று பெயர் பூண்ட குழுவுக்கு அதனினும் உசிதமான காவல் கிடையாது. சூடேறிய பேட்டரி இரண்டு பாட்டுத் தாங்கும். மூன்றாவது பாட்டில் மறுபடியும் கிணறு.

சென்ற மாதம் மகனுடைய கைபேசியில் 'செனியும்லா கோலாலம்பூர்' கேட்டேன். தலைநகரைப் புன்னகைக்கச் சொல்லும் அப்பாட்டு, யாரோ துரத்துவதுபோல் ஓடிற்று. "ஒரிஜினலே இதுதாம்பா" என்றான் மகன், இது பூர்வபட்சம். பதிவானதே மூலமெனின், நாற்பது வருஷமாக என் நெஞ்சில் பாடிக்கொண்டிருப்பது யாதென்பது என் ஆட்சேபம். அவன் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தான். பாட்டு நிதானப்பட்டது, குரலோ இறங்கவில்லை. இக்காலக் கருவிகள் வேகத்தைக் குறைத்தாலும் சுருதியைக் காத்துவிடுகின்றனவாம். 2007-இல் லோகநாதன் காலமாகிவிட்டார். அவருடைய கிணற்றுக் குரலுக்குச் சாட்சி சொல்ல இனி எங்கள் பழைய பெட்டிதான் உண்டு.

பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டேன். சாகுந்தறுவாயில் இருக்கும் பெரிய பேட்டரி நான்கு வாசகர் எவரிடமேனும் இருப்பின், எறிந்துவிடாமல் சொல்லியனுப்புக. புதியவை வேண்டா.