ஒற்றை நட்டுக் கோட்பாடு: பழைய காரின் முன் ஆக்சில் மாற்றம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பழைய மாருதி 800இன் முன் ஆக்சிலை வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி என்று சொல்லவந்த விளக்கங்கள் எல்லாம் ஒரே பிழையில் விழுந்திருக்கின்றன. வேலையைப் பத்துப் பன்னிரண்டு படிகளாகப் பகுத்து, எல்லாப் படிக்கும் சம மரியாதை தருகின்றன. வீல் கப்பைக் கழற்றுவதற்கும் ஒரு வரி, ஹப் நட்டைக் கழற்றுவதற்கும் ஒரு வரி. முன்னதற்கு அரை நிமிடம் போதும். பின்னதற்கு நாள்காட்டி வேண்டும். இந்த வேலையில் படி என்று ஒன்றுதான் உண்டு, அது ஹப் நட்டு; மற்றவை அதன் பின்னிணைப்பு என்பதே இக்கட்டுரையின் துணிபு. இதனை ஒற்றை நட்டுக் கோட்பாடு என வழங்கலாம்.

கோட்பாட்டுக்குள் புகுமுன் அதன் காலத்தை நிறுவுவது முறை. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் என்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போனது. முன் சக்கரங்கள் வண்டியைத் தாங்கின, திரும்பின. இழுக்கும் பொறுப்பு அவற்றுக்கு இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன் சக்கரமே வண்டியை இழுக்கும் ஏற்பாடு நம் தெருக்களில் பரவியது. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் ஆக்சிலில் மடங்கும் மூட்டு இருந்தாக வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் மடங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். இக்குறையைத் தீர்க்க ஆல்ஃபிரட் ஷெப்பா என்னும் பொறியாளர் 1920களில் ஆறு எஃகு உருண்டைகளை வைத்து ஒரு மூட்டு அமைத்தார். நம் மெக்கானிக்குகள் சிவி ஜாயின்ட் என்பது அதன் வழிவந்ததே. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்துவிட்டால் உள்ளிருக்கும் கறுப்பு கிரீஸ் சுழற்சியில் தெறித்து, ரிம்மின் உட்பக்கம் முழுக்க அப்பிக்கொள்ளும். கிரீஸ் போன வழியில் மணலும் தண்ணீரும் உள்ளே வரும். பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் 'டக் டக் டக்' என்று கேட்கும். பாட்டின் சத்தத்தைக் கூட்டி இவ்வொலியைக் கேளாதிருக்கும் பருவம் ஒன்று வண்டிக்காரர்கள் வாழ்வில் உண்டு. அது தனி ஆய்வுக்குரியது.

இனி, மூட்டு கெட்ட ஆக்சிலை வெளியே விடாமல் அதன் நுனியைச் சக்கரத்தின் ஹப்போடு பூட்டியிருக்கும் அந்த நட்டு. சிறிய கார்களில் இதைப் பூட்டும் இறுக்கம் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர், ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறி நின்றால் கிடைப்பது ஏறத்தாழ 180. அதாவது ஒரு முழு மனிதர் போதாது. இது புது நட்டின் கணக்கு. பழைய வண்டியிலோ பல மழைக்காலங்களின் துரு சேர்ந்திருக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பெருகும் என்பதால், மரையின் இடுக்கில் ஏறிய துரு, மெக்கானிக் இறுக்கிவிட்டுப் போன வேலையை அவர் இல்லாமலே தொடர்ந்து செய்துவந்திருக்கிறது. காவலுக்குச் செருகிய ஸ்பிளிட் பின்னைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். உடல் ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும்.

இந்நட்டை அணுகுவோர் மூன்று நெறியினர். எண்ணெய் நெறியினர் முதல் நாள் இரவே மண்ணெண்ணெயோ துரு இளக்கும் ஸ்பிரேயோ அடித்துவிட்டு உறங்கப் போவர். இவர்கள் சான்றோர், ஆனால் எண்ணெய் மட்டும் நட்டைக் கழற்றியதில்லை. சுத்தியல் நெறியினர் அதிர்வில் துரு உதிரும் என்பர். உண்மைதான். ஆயினும் ஓங்கிய அடி ஷாஃப்டின் முனையில் விழுந்தால் மரை நசுங்கி, நட்டு வெளியே வரும் வழியும் அடைபடும். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஆக்சில்தானே என்று இவர்கள் சொல்லும் சமாதானம், இன்னும் தூக்கிப் போட முடியவில்லை என்பதை மறந்து சொல்லப்படுவது. மூன்றாவது நீள்குழாய் நெறி. கைப்பிடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகினால் அதே 60 கிலோ ஆள் 540 நியூட்டன் மீட்டருக்கு உயர்கிறார். கணக்கு இவர்கள் பக்கமே நிற்கிறது. ராட்செட்டில் மட்டும் குழாயைச் செருகக் கூடாது. நட்டுக்கு முன் அதன் பல் போய்விடும்.

அஃதேல், நட்டு கழன்ற பின்னும் பால் ஜாயின்ட் உண்டே, கியர்பாக்ஸ் பக்கம் உண்டே எனின், அற்றன்று. பால் ஜாயின்டின் போல்ட்டை எடுத்துக் கீழ்க் கையை நெம்பினால் அது இறங்கிக் கொடுக்கும். கியர்பாக்ஸுக்குள் ஆக்சிலைப் பிடித்திருப்பது ஒரு சிறு வளையம். கடப்பாரை முனையால் பதமாக ஒரு நெம்பு நெம்பினால் விடும். கியர் ஆயிலை முன்பே வடிக்காதவர் சட்டையில் அது வடியும், அவ்வளவே. இவை மனிதருக்குக் கட்டுப்பட்ட எதிர்ப்புகள்.

பட்டறையில் ஏர் கன்னை வைத்ததும் சில நொடிகளில் 'டர்ர்' என்று கழன்றுவிடும் ஒன்றைப் போய் வேலையின் உயிர்நிலை என்பதா என்று கேட்பாரும் உண்டு. இத்தடை கோட்பாட்டையே வலுப்படுத்துகிறது. வாசலில் வேலை செய்பவரிடமும் ஸ்பேனர் உண்டு, ஜாக்கி உண்டு, கடப்பாரை உண்டு. இல்லாதது அந்த ஏர் கன். நட்டை விலக்கிப் பார்த்தால் பட்டறைக்கும் வாசலுக்கும் இடையே மிஞ்சும் வேற்றுமை தேநீர் யார் வாங்கித் தருவது என்பதே. வேலை முடியும் இடத்திலும் நட்டே ஆள்கிறது: புது ஆக்சிலைப் பூட்டிய பின் உரிய அளவுக்கு அதை இறுக்காமல் விட்டால் அடுத்துப் போவது வீல் பேரிங்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி நட்டைத் திருப்பலாமே என்பது கடைசித் தடை. திருப்பலாம். ஆனால் மூன்றடிக் குழாயின் உதைப்பில் வண்டியே ஜாக்கியிலிருந்து நழுவக்கூடும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அதன் பிறகு அடியில் கை வையுங்கள். புது ஆக்சில் வாங்கும்போதே புது ஹப் நட்டு, ஸ்பிளிட் பின், ஆயில் சீல் மூன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஸ்பேர் கடை திறந்திருக்காது.