வெறுங்கல் அடுக்கும் படலம்: தோட்டச் சுவரின் நீளத்தை முடிவு செய்பவர் யார்?

தோட்டத்துக்கு முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல் சுவர் எழுப்பக் கிளம்பும் கற்றுக்குட்டி, அதன் நீளத்தைத் தானே முடிவு செய்வதாக நம்புகிறார். "பத்தடி" என்று கூசாமல் சொல்கிறார். டேப்பை இழுத்தும் காட்டுகிறார். இந்த நம்பிக்கையை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். நீளத்தை முடிவு செய்வது செங்கல். வீட்டுக்காரருக்குக் கருத்துக் கூறும் உரிமை உண்டு, அவ்வளவே.

சான்று வருமாறு. நம்மூர்ச் சேம்பர் கல் பெயரளவில் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம். இரு கல்லுக்கு நடுவே கலவைக்கு 3 நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. பத்தடிக்குள் 12 கல் வைத்தால் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைய இடம் மிஞ்சும். அதில் முழுக்கல் நுழையாது. 13 வைத்தாலோ 121½ அங்குலமாகி, சுவர், முனையில் நிற்கும் செம்பருத்திச் செடியின் எல்லைக்குள் புகும். பன்னிரண்டையே தாராளமாகத் தள்ளித் தள்ளி வைக்கலாமே என்பது பூர்வபட்சம். வைத்தால் ஒவ்வோர் இடைவெளியும் ஓர் அங்குலத்தைத் தாண்டும். அதைச் செங்கல் சுவர் என்பதைவிட, ஆங்காங்கே செங்கல் பதித்த சிமெண்டு என்பதே நேர்மை. பதின்மூன்றையும் நெருக்கி 2 நூல் சந்தில் அடக்கிவிடலாம் என்பார் இன்னொரு சாரார். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரே லோடில் வந்து இறங்கிய இரண்டு கல்லுக்குள்ளேயே அந்த 2 நூல் வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஆகவே கலவை குழைக்கும் முன்பு, 10 மில்லிமீட்டர் கம்பித் துண்டை இடையே வைத்து வைத்து, வெறுங்கல்லைத் தரையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். வழிப்போக்கர்களுக்கு இது வயதுக்கு ஒவ்வாத விளையாட்டாகத் தெரியும். பொருட்படுத்தத் தேவையில்லை. இந்த விளையாட்டு பழையது: வேள்வி மேடை அமைக்கும் இலக்கணமான போதாயனரின் சுல்ப சூத்திரம் பேசுவதே கயிறும் செங்கலும்தான். பருந்து வடிவ வேள்வி மேடைக்கு அடுக்குக்கு 200 கல் வீதம் 5 அடுக்கு. ஓர் அடுக்கின் சந்துக்கு நேர் மேலே அடுத்த அடுக்கின் சந்து வரக்கூடாது. பருந்துக்கான இவ்விதி செம்பருத்திக்கும் பொருந்தும். எனவே இரண்டாம் வரியை அரைக்கல்லில் தொடங்க வேண்டும். ஒரு கல்லை வெட்டினால் இரண்டு அரைக்கல் கிடைக்கும் என்பது கணிதம். ஓர் அரைக்கல்லும் கொஞ்சம் ஜல்லியும் கிடைக்கும் என்பது களச்சான்று.

கடைக்கால் பற்றி விரிக்க இங்கே இடமில்லை. சின்னச் சுவருக்கும் அது உண்டு என்பதோடு நகர்வோம்.

அடுத்தது நூல் கட்டுதல். இரு முனையிலும் ஒவ்வொரு கல்லை ரசமட்டம் பார்த்து உட்காரவைத்து, இடையே நூலை விறைப்பாக இழுக்க வேண்டும். கல் நூலை ஒட்டி வரலாம், தொடக்கூடாது. ஒரு கல் தொட்டுத் தள்ளினால் அடுத்த கல் அந்தத் தள்ளலுக்கு வரிசையாக நிற்கும். பிறகு சுவர் முழுவதும் நேர்மையாகவே கோணும். நூல் கட்டியதும் உரையாசிரியர்கள் வந்து சேர்வார்கள். எதிர்வீட்டு மேஸ்திரி ஒரு கண்ணை மூடி நூலைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நிற்பார். ஆய்வுலகில் இதைவிடக் கடுமையான மதிப்புரை கிடையாது.

கோணலுக்கும் மரபு உண்டு என்று வாதிடலாம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பாம்பு போல நெளியும் ஒற்றைக்கல் தோட்டச் சுவர்கள் உள்ளன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெபர்சனும் அப்படிக் கட்டுவித்தார். நெளிவே சுவரைத் தாங்குவதால் முட்டுத்தூண் தேவைப்படுவதில்லை. ஆனால் நூல் கட்ட மறந்ததால் விளைந்த நெளிவை இந்த மரபில் சேர்க்க மேஸ்திரி இசையவில்லை. 1928இல் பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்துகொண்டே கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் சேரப்போன சர்ச்சில், தம் சார்ட்வெல் தோட்டத்தில் சுவர் கட்டிய கற்றுக்குட்டிதான். அவரைச் சேர்த்துக்கொண்டதற்குச் சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. தொழில் தெரிந்தவர்களின் ஒற்றைக் கண் எல்லா நாட்டிலும் ஒன்றே.

நேரான 4½ அங்குலச் சுவர் என்றால் தூண் வேண்டும். இங்கேதான் செங்கல் தன் கடைசி ஆயுதத்தை எடுக்கிறது. தூண் வரும் இடத்தில் ஒன்றுவிட்ட வரிகளில், ஒரு நீளக்கல்லுக்குப் பதில் இரண்டு கல்லைக் குறுக்கே வைக்கிறோம். இரண்டு நாலரை ஒன்பதுதான். ஆனால் நடுவில் கலவைக்கு 3 நூல்? இந்தியத் தர நிர்ணயக் கல்லில் இந்தச் சிக்கல் இல்லை: அகலம் 90 மில்லிமீட்டர், நீளம் 190, இடையில் 10. நம் வாசலில் இறங்கியிருப்பதோ சேம்பர் கல். எனவே தூணுக்கு 3 நூல் மிகுகிறது; இரு தூணுக்கு 6 நூல். வெறுங்கல்லைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டியதுதான்.

மேஸ்திரி இப்போதுதான் வாய் திறக்கிறார்: "நடுவுல இன்னொரு தூணு போட்ருவோமா சார்?"