கோட்டு போட்ட பறை

தொண்ணூறுகளில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான். சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பீக்கரில் காலையில் முருகன், பிறகு ஒன்றரை ஷிப்டு முடியும்வரை இளையராஜா. ஓவர்லாக்காரர், பேட்லாக்காரர், செக்கிங் அக்கா, கைமடிக்குப் போன என்னைப் போன்ற பையன்கள் எல்லோருக்கும் அதுதான். சினிமாவுக்கு வெளியே நாலு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பேர் வாங்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. ஆனால் அப்படிப் பேர் வாங்கியவர்களின் பேரைத்தான் எங்கள் ஊர் அச்சடித்துக்கொண்டிருந்தது. பிரிண்டிங் டேபிளில் கறுப்புத் துணியை விரித்து ஸ்கிரீனை வைத்து மையை இழுத்தால் மண்டையோடும் இறக்கையும் ஆங்கில எழுத்தும் விழும். அவை ராக் இசைக் குழுக்களின் பெயர்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. ஏற்றுமதியில் கழிந்த பனியன்கள் காதர்பேட்டைச் சந்தைக்கு வரும். அவற்றைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் தண்ணி கட்டியவர்களுக்கும் அந்தப் பாட்டு எதுவும் தெரியாது.

எங்கள் கிராமத்தில் இன்னொரு இசை இருந்தது. தப்பட்டை என்கிற பறை. எழவுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் அது இல்லாமல் ஆகாது. அடிக்கிறவர் மட்டும் வாசலுக்கு வெளியே, சட்டையில்லாமல், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் மகனும் நானும் ஒரே கம்பெனி. அங்கே ஒரே தூக்குப்போசியில் தின்றோம். சாயங்காலம் டவுன் பஸ் எங்களை ஊரில் இறக்கிவிட்டதும் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உலகத்துக்கே பனியன் தைத்த ஊருக்குப் பக்கத்தில், அவன் அப்பா சட்டை போட்டுக்கொண்டு தெருவுக்குள் வர முடியவில்லை.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. கைப்பேசியில் அதைப் பார்த்தபோது என் கண் முதலில் உடுப்பில்தான் நின்றது. பறை அடிக்கிறவர், சட்டி அடிக்கிறவர், கானா பாடுகிறவர் எல்லோரும் கோட்டு சூட்டில் இருந்தார்கள். அம்பேத்கர் போட்ட கோட்டு அது. அதற்கு முந்தைய மாதம், டிசம்பர் 12 அன்றுதான் உடுமலை சங்கர் கொலை வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்த பையனைப் பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெட்டிக் கொன்றது எங்கள் மாவட்டத்தில். அதையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மேடையைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் உருவாக்கிய குழு இது. பத்தொன்பது பேர். ‘சாதியற்றவர்கள்’ என்று பொருள்படும் பெயருக்கான வேர், சாதியை எதிர்த்த அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. டென்மா அதற்கு முன்பே கபேர் வாசுகியோடு சேர்ந்து ‘குரங்கன்’ என்ற பெயரில் பாடியவர். அந்தக் கிறுக்கும் துணிச்சலும் இங்கேயும் வந்தன. மற்ற கலப்பிசைக் கச்சேரிகளில் நாட்டுத் தாளம் ஊறுகாய் மாதிரி ஓரமாக இருக்கும். இவர்களிடம் எலெக்ட்ரிக் கிட்டார்தான் பறைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. பாட்டின் விஷயமோ இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, வடசென்னை. ஆண்கள் கோலோச்சிய கானாவை இசைவாணி அதே மேடையில் பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

சினிமாவை நம்பாமல் தொடங்கியவர்களைச் சினிமா தேடி வந்தது. 2019இல் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, 2022இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படங்களுக்கு டென்மா இசையமைத்தார். குழுவில் பாடிய அறிவு ‘காலா’வுக்கும் ‘மாஸ்டரு’க்கும் பாட்டெழுதினார். இதனால் குழுவின் கூர் மழுங்கிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலைஞனுக்கும் சனிக்கிழமைச் சம்பளம் வேண்டும். எனக்கு வலித்தது வேறு. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ அறிவு எழுதிப் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் கதை அதில் இருக்கிறது. அந்தப் பாட்டையும் பேசிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் ஆகஸ்ட் அட்டையில் அவர் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பிறகுதான் அறிவுக்குத் தனியாக இணைய அட்டை வந்தது. உழைத்தவன் பேர் விடுபடுவது பனியன் தொழிலில் இருக்கும் எங்களுக்குப் புதிதல்ல. பாட்டிலும் அதுதான் நடக்கிறது என்பது கோபத்தைக் கிளப்பியது.

இப்போது கம்பெனிகளில் ஸ்பீக்கர் குறைந்துவிட்டது. ஒடியாவில், போஜ்புரியில், இந்தியில் அவரவர் காதுக்குள் அவரவர் பாட்டு. நான் வைத்திருக்கும் சின்ன பிரிண்டிங் பட்டறைக்கு அம்பேத்கர் படமும் பறையும் போட்ட டீ சர்ட் கேட்டுப் பையன்கள் வருகிறார்கள். அடுக்கில் மெட்டாலிகாவுக்குப் பக்கத்திலேயே அதுவும் காய்கிறது. கிராமத்தில் எழவு வீட்டில் இப்போது சட்டை போட்டுத்தான் தப்பட்டை அடிக்கிறார்கள். நிற்கும் இடம் மாறவில்லை.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்வோ, அவர்கள் போட்ட பாதையில் வரும் வேறொரு குழுவோ, திருப்பூரில் பாட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி, சம்பளம் போட்ட பிறகு, டிக்கெட் இல்லாமல். ஒடியாக்காரப் பையன்களும் இயர்போனைக் கழற்றிவிட்டு வர வேண்டும். அந்த மேடைக்கான சட்டைகளை என் பட்டறையில் நான் அச்சடித்துத் தருகிறேன்.