பூ சுரண்டும் பெரியவர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கிருகஸ்தர்களில் சிலர் க்ஷேத்திராடனம் புறப்படுகிறார்கள். சிலர் பேரன் பேத்திகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அக்குழந்தைகளின் தீராத விரோதத்தைச் சம்பாதித்துக்கொள்கிறார்கள். இவ்விரண்டிலும் சேராத ஒரு ஜாதி உண்டு. காயலான் கடையில் எடைக்குப் போகவிருந்த கறுப்புத் தையல் மிஷினைக் கேட்ட விலை கொடுத்து வாங்கி, ஆட்டோவில் மடிமேல் இருத்தி வீட்டுக்கு அழைத்து வந்து, அதன் மேலுள்ள தேய்ந்துபோன தங்கப் பூ வேலையைப் பெயிண்டுக்குப் பங்கமின்றி நீக்குவதே மிச்ச ஆயுளின் லட்சியம் என்று சங்கல்பம் செய்துகொண்டவர்கள் அவர்கள். நான் வர்ணிக்கப் போகும் பெரியவர் அந்த ஜாதியின் உத்தமமான பிரதிநிதி.

‘மிஷின் நன்றாகத் தைக்கிறதா?’ என்று அவரிடம் கேட்பது மகா அபசாரம். அவர் வீட்டு மிஷின் சிங்கர் 27-கே. கே என்ற எழுத்து ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையிலிருந்த கில்பௌவி தொழிற்சாலையைக் குறிப்பது. அதன் மேனியில் பொன்னிறத்தில் சயனித்திருப்பது எகிப்து தேசத்து ஸ்பிங்க்ஸ் என்னும் நரசிங்க ரூபம். இவ்வளவையும் வந்தவர் காபியை வாயில் வைப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார். தையலைப் பற்றி மட்டும் அவருக்கு அபிப்பிராயம் ஏதும் கிடையாது. அறுந்த சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொள்ளக்கூட அவர் அறியார்.

ஆனால் அந்தக் கறுப்பு மேனியின் சாஸ்திரத்தில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. வார்ப்பிரும்பின் மேல் நிலக்கீல் சேர்ந்த ‘ஜப்பான்’ வார்னிஷைப் பூசி, சூளையிலிட்டுச் சுட்டு, அதன் மேல் டிரான்ஸ்பர் காகிதத்திலிருந்து பெயர்த்த சித்திரத்தைப் படியவைத்து, எல்லாவற்றுக்கும் காப்பாகத் தெளிந்த பூச்சு ஒன்றையும் கொடுப்பார்கள் என்றும், பழைய மிஷின்களில் அந்தக் கடைசிப் பூச்சு பெரும்பாலும் அரக்கே என்றும், அரக்குக்கு ஸ்பிரிட் ஜன்ம சத்துரு என்பது நாற்காலிக்குப் பிரெஞ்ச் பாலிஷ் போடும் எந்த ஆசாரிக்கும் தெரிந்ததே என்றும் அவர் பிரசங்கிக்கும்போது, கேட்பவர் தாமும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று ‘கொஞ்சம் தின்னர் போட்டுத் துடைத்தால் போகாதோ?’ என்று வாயைத் திறந்துவிட்டால், அத்துடன் அந்த வீட்டில் அவருக்குக் காபி வாசம் அஸ்தமித்தது. ஒருமுறை மாப்பிள்ளை, பரோபகார சிந்தையோடு, மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தலை தீபாவளியில்கூட அத்தனை விறைப்பாக மாமனார் இருந்ததில்லை என்று மகள் சொல்லிக் கேள்வி.

அவருடைய உபாசனா முறை வேறு. முதலில் மிஷினின் அடிவயிற்றில், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு துளி பரீட்சை. பிறகு மிஷின் எண்ணெயில் நனைத்த பஞ்சை ஸ்பிங்க்ஸின் மேல் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, இரவு முழுவதும் ஊறவைப்பார். காலையில் ஸ்நானம் முடிந்ததும் காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, மூச்சை அடக்கி, ஓர் அரிசியளவு இடத்தை மெல்லத் தள்ளுவார்; உடனே பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் நீட்டி ஆராய்வார். பஞ்சில் பொன் துகள் வந்தால் க்ஷேமம். கறுப்புச் சாயை தட்டினால் அது ஜப்பான் வார்னிஷின் ரத்தம், அன்றைய காரியம் அத்தோடு நின்றது. எண்ணெய்க்கு மசியாத மிச்சத்துக்குக் கார் பெயிண்டர்கள் உபயோகிக்கும் ரப்பிங் காம்பவுண்டை விரல் நுனியில் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். இருபத்தெட்டு வருஷம் ஆபீசில் ‘நாளைக்கு வா’ என்று ஜனங்களை விரட்டிய அதே விரல்தானா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு பூ போய்விடுகிறது. பூவின் சாயல் போவதில்லை. சித்திரம் மூடியிருந்த இடத்தில் கறுப்பு பழமை தட்டாமல் இருக்க, சுற்றிலும் உள்ள கறுப்பு வயதாகி மங்கியிருக்க, பக்கவாட்டில் பார்த்தால் ஸ்பிங்க்ஸ் அப்படியே படுத்திருக்கும். வருகிறவர்களையெல்லாம் ஜன்னலருகே நிறுத்தி, தலையைச் சாய்க்கச் சொல்லி, ‘தெரிகிறதா?’ என்று கேட்பார். ‘தெரியவில்லை’ என்று சொல்வதே மரியாதை; சொல்லிவிட்டு நாம் திரும்பியதும் அவரே குனிந்து பார்த்து, ‘தெரிகிறதே!’ என்று பெருமூச்செறிவார்.

இந்தச் சம்பிரதாயத்திலும் கலைபேதம் உண்டு. துணி உராய்ந்து பாதி அழிந்த பூவானாலும் அது கில்பௌவி காலத்துப் பூ, அதில் கை வைப்பது பாதகம் என்பது ஒரு கலை; அரைகுறையை முற்றிலும் நீக்கிப் புதிய சித்திரம் ஒட்டுவதே மிஷினுக்குச் செய்யும் மரியாதை என்பது மற்றொன்று. கோயில் யானையின் நெற்றிக்கு எந்த நாமம் என்று கோர்ட்டு வரைக்கும் போன நாட்டில் இந்த வியாஜ்யம் எளிதில் தீராது. பெரியவர் இரண்டாவது கலை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அவரைப் ‘பூ சுரண்டி’ என்று சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

யந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தியடிகள்கூட 1924-இல் நிகழ்ந்த ஒரு சம்பாஷணையில் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்களித்தார். இதைப் பெரியவர் அடிக்கடி எடுத்துரைப்பார். அந்த விலக்கு அது தைத்துக் கொடுக்கும் என்பதற்காக அல்லவா என்று அவர் பத்தினி சமையலறையிலிருந்து கேட்பது மட்டும் அவர் காதில் விழுவதில்லை.

புதிய சித்திரம் கடல் கடந்து வந்து, நீரில் நனைந்து, மிஷின் மேல் ஏறி அமர்ந்த பிறகு ஒருநாள் அந்த அம்மாள், ‘என்னங்க, தலையணை உறை ரெண்டு தைக்கணும்’ என்றார். துணி உராய்ந்தால் பூ தேயாதோ? பெரியவர் மறு பேச்சின்றித் துணியைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைத் தையல்காரரிடம் போனார். அங்கிருந்த பழைய மிஷினில் பூவென்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. அதன் கழுத்தடியில் விரலை ஓட்டி, பக்கவாட்டில் குனிந்து, வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘இதைச் சுரண்டினது யாரப்பா? வெகு சுத்தம்!’ என்றார்.

‘சுரண்டலீங்க, தைச்சோம். எங்கப்பா காலத்து மிஷினு’ என்ற தையல்காரர், காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, ‘உறைக்கு அளவு சொல்லுங்க சார்’ என்றார்.